லண்டன் நிழலும் வெள்ளவத்தை வெயிலும்

கடந்த ஜூன் மாதம் லண்டனிலிருந்து வந்த அத்தான், தமது பயணப் பெட்டியின் அடியில் இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கிடையே சுற்றி, எனக்கென்று ஒரு பித்தளைச் சூரிய மணிக்கூட்டைக் கொண்டுவந்தார். பல ஆண்டுகளாக அவர்களுடைய வீட்டுத் தோட்டத்தில், ரோசாச் செடிகளுக்கு நடுவே ஒரு கல்தூணின்மேல் இருந்த பொருள் அது. வீட்டை விற்றுவிட்டுச் சிறிய தொடர்மாடி வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தபோது, வெயிலே எட்டிப்பாராத பலகணியில் அதை வைக்க மனமில்லாமல், வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் இருக்கும் என்னிடம் ஒப்படைக்க முடிவு செய்திருக்கிறார். "தம்பி, எங்கட தோட்டத்தில இது ஒருநாளும் பிழைச்சதில்லை. உங்கட வெயிலுக்கு இன்னும் நல்லா வேலை செய்யும்" என்றார். முதல் வாக்கியம் முழு உண்மை. இரண்டாவது ஏன் உண்மையாகவில்லை என்று தேடப்போனதில்தான் அதற்குப் பிந்திய மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கழிந்தன.

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிகளுக்கும் துணி காயப்போடும் கொடிகளுக்கும் அப்பால், நாள் முழுவதும் வெயில் விழும் ஒரு மூலை இருக்கிறது. அங்கே ஒரு சிமெந்துக் கல்லை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, அதன்மேல் தகட்டை வைத்து, நிழற்கோலை வடக்கு நோக்கித் திருப்பினேன். என் கைக்கடிகாரத்தில் நேரம் காலை 9.12. தகட்டில் நிழல் ஏழு மணிக் கோட்டை அப்போதுதான் தாண்டியிருந்தது. திசை பிழைத்திருக்கலாம் என்று எண்ணி இரண்டு நாள் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். உச்சிப் பொழுதில் மட்டும் நிழல் பன்னிரண்டுக்கு அருகே வந்து நின்றது. மற்ற வேளைகளில் காலையில் மணிக்கணக்காகப் பின்தங்கியும், மாலையில் அதே அளவு முந்தியும் ஓடியது.

விடை, நிழற்கோலின் சாய்வில் இருந்தது. சூரிய மணிக்கூட்டின் நடுவே நிற்கும் முக்கோணத் தகட்டின் சரிந்த விளிம்பு அழகுக்காகச் சரிந்ததன்று. அது பூமியின் சுழலச்சுக்கு இணையாக, வானத்தின் வட துருவத்தைச் சுட்டியபடி நிற்கவேண்டும். அப்படி நின்றால்தான், சூரியன் அந்த விளிம்பையே அச்சாகக் கொண்டு மணிக்குப் 15 பாகை வீதம் சுற்றுவதாக அமையும். ஆண்டின் எந்த நாளிலும் ஒரே மணிக்கு நிழல் ஒரே கோட்டில் விழும். வட துருவம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்பது நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டைப் பொறுத்தது. லண்டனில் அது 51.5 பாகை, கொழும்பில் 7 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அத்தானின் மணிக்கூட்டில் எந்தப் பழுதும் இல்லை. அது இன்னும் லண்டனில் நிற்பதாகவே எண்ணிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியனின்படி காலை 9 மணிக்கு, லண்டன் தகடு கொழும்பின் சமதரையில் ஜூன் கடைசியில் 7.03 என்று காட்டும். சம இரவு நாட்களில் 8.22 என்று காட்டும். டிசெம்பர் கடைசியிலோ 9.15 என்று முந்திக்கொள்ளும். பிழை நிலையாக இருந்தால் கூட்டிக் கழித்துச் சரிசெய்யலாம். பருவத்துக்குப் பருவம் மாறும் பிழையை என்ன செய்வது? இதே பிழையோடு ரோம் நகரம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. கி.மு. 263இல் சிசிலித் தீவின் கட்டானியா நகரை வென்ற ரோமர்கள், அங்கிருந்த சூரிய மணிக்கூட்டைக் கைப்பற்றிக் கொண்டுவந்து தங்கள் பொதுமன்றத்தில் நிறுத்தினார்கள். கட்டானியா ரோமுக்கு நான்கு பாகைக்குச் சற்று மேல் தெற்கே இருப்பதால் அதன் கோடுகள் ரோமின் வெயிலுக்கு ஒத்துவரவில்லை. ஆயினும் 99 ஆண்டுகள் மக்கள் அதையே பார்த்து நடந்ததாகவும், கி.மு. 164இல்தான் ரோமுக்கென்றே கணித்த மணிக்கூடு அதன் அருகே வைக்கப்பட்டதாகவும் ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். நான்கு பாகைக்கே இப்படியென்றால், என் மொட்டைமாடியில் வித்தியாசம் நாற்பத்துநான்கு பாகைக்கும் மேல்.

கொழும்புக்கென்றே புதிதாக ஒரு தகட்டைக் கீறிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கீறத் தொடங்கியதும் இந்த ஊரின் இயல்பு புலப்பட்டது. நிழற்கோல் 7 பாகையில் சாயவேண்டும் என்றால், அது தரையோடு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. மணிக்கோடுகளும் நெருங்கிவிடுகின்றன: லண்டனில் பதினொரு மணிக் கோடு நண்பகல் கோட்டிலிருந்து 12 பாகை விலகி நிற்க, இங்கே 2 பாகைகூட விலகுவதில்லை, ஒன்பது மணிக் கோடு அங்கே 38 பாகை, இங்கே வெறும் 7. காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் இடைப்பட்ட ஆறு மணி நேரமும் பதினான்கு பாகைக்குள் அடங்கிவிட, எஞ்சிய இடமெல்லாம் விடியலுக்கும் அந்திக்கும் போய்விடுகிறது. ஜெய்ப்பூரில் இரண்டாம் ஜெய்சிங் மன்னர் கட்டிய சம்ராட் யந்திரம் 27 மீற்றர் உயரமானது. அதன் சாய்ந்த சுவரும் 27 பாகை, அந்த ஊரின் அகலக்கோட்டுக்கு ஒத்த அளவு. அதன் நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்கிறார்கள். அத்தகைய சுவரைக் கொழும்பில் எழுப்பினால் ஏணி தேவைப்படாது. சாதாரணமாக நடந்தே ஏறிவிடலாம்.

நமது அகலக்கோட்டுக்குப் பொருத்தமான வேறு வடிவங்கள் இருக்கின்றன. தகட்டையே அச்சுக்கு இணையாக, அதாவது இங்கே ஏறக்குறையக் கிடையாக, ஒரு மேசையைப் போல வைத்து, அதன் நடுவே வடக்குத் தெற்காக ஒரு சிறு சுவரை நிறுத்தினால், மணிக்கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக விழும். எனினும் அத்தானின் தகட்டை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதைக் கொழும்புக்கு ஏற்றதாக்க ஒரு வழி இருந்தது: தெற்கு விளிம்பை உயர்த்தி, தகடு முழுவதையும் வடக்கு நோக்கி 44.6 பாகை சரித்துவிட்டால், நிழற்கோல் தானாகவே 6.9 பாகைக்கு இறங்கித் துருவத்தைச் சுட்டும். தெரிந்த தச்சர் ஒருவர் பலாப்பலகையில் ஆப்பு வடிவில் ஒரு பீடம் செய்து தந்தார். பாகைமானியை வைத்து மூன்று முறை இழைத்து, கால் பாகைக்குள் கொண்டுவந்துவிட்டார். அவருடைய கைத்திறமையை இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று.

இப்போது என் தகடு கொழும்பின் தரைக்கு இணையாக இல்லை. நமது நெடுங்கோட்டிலேயே நேர் வடக்கே போனால், லண்டனின் அகலக்கோட்டில் ரஷ்ய-கசாக்கஸ்தான் எல்லையை ஒட்டிய புல்வெளி வரும். அந்தப் புல்வெளியின் தரைக்கு இணையாக அது நிற்கிறது. இதில் நான் எதிர்பாராத ஒரு விளைவும் இருந்தது. டிசெம்பரில் கொழும்பில் பதினொன்றரை மணி நேரத்துக்கும் மேலாகப் பகல் இருக்கிறது. ஆனால் இந்தத் தகட்டின் முகத்தில் வெயில் விழுவது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, அதாவது லண்டனின் குளிர்காலப் பகல் எவ்வளவோ அவ்வளவு. காலை எட்டு மணி தாண்டும்வரை, சுற்றிலும் வெயில் கொளுத்தினாலும், தகட்டின் முகம் நிழலில் கிடக்கிறது. இதற்கு மறுதலையாக, தகட்டின் விளிம்பில் பொறித்திருக்கும் காலை நான்கு, ஐந்து மணிக் கோடுகளிலும் மாலை ஏழு, எட்டு மணிக் கோடுகளிலும் இங்கே ஒருநாளும் நிழல் விழப்போவதில்லை. அவை அத்தானும் அக்காவும் ஜூன் மாத மாலைகளில் தோட்டத்தில் தேநீர் அருந்தியபடி பார்த்த மணிகள்.

சாய்வு தீர்ந்தபின் திசை. நேர் வடக்கு எது என்பதைத் திசைகாட்டி சொல்லும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என்னிடம் ஒரு சிறிய திசைகாட்டி இருக்கிறது. அதை மொட்டைமாடியின் ஒரு மூலையில் வைத்தால் ஒரு வடக்கு. நான்கு அடி தள்ளி வைத்தால் பத்துப் பாகைக்கும் மேல் விலகி இன்னொரு வடக்கு. கொங்கிறீற்றுத் தளத்துக்குள் பின்னிக் கிடக்கும் இரும்புக் கம்பிகள் ஊசியைத் தம்பக்கம் இழுக்கின்றன. கைப்பேசிக்குள் இருக்கும் திசைகாட்டியும் காந்தப்புலத்தை உணர்ந்தே இயங்குவதால் அதற்கும் இதே தடுமாற்றம்தான். கடற்கரைக்கு இறங்கி, ரயில் பாதையிலிருந்தும் விலகி நின்று பார்த்தபோது ஊசி அமைதியடைந்தது. ஆனால் அமைதியடைந்த ஊசியும் நேர் வடக்கைக் காட்டுவதில்லை. பூமியின் காந்த முனைகளும் சுழலச்சின் முனைகளும் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், கொழும்பில் அது நேர் வடக்கிலிருந்து ஏறத்தாழ இரண்டு பாகை மேற்கே சாய்ந்து நிற்கிறது.

இந்த விலகலை மிக முந்தியே எழுதிவைத்தவர் சீன அறிஞர் ஷென் குவோ. காந்தக் கல்லில் தேய்த்த ஊசியைப் பட்டு நூலில் தொங்கவிட்டால் அது தெற்கைக் காட்டும் என்றும், சரியாகத் தெற்கையன்றிச் சற்றுக் கிழக்கே சாய்ந்து காட்டும் என்றும் 1088ஆம் ஆண்டளவில் குறித்திருக்கிறார். அடுத்த ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், இரவில் விண்மீனையும் பகலில் சூரியனையும் மேகம் சூழ்ந்த வேளையில் ஊசியையும் பார்த்துக் கப்பல் செலுத்தும் மாலுமிகளைப் பற்றி இன்னொரு சீன நூல் பேசுகிறது. ஊசி அங்கே மேகத்தின் நாளுக்குரிய கருவி. சூரியன் தெரியும்போது சூரியனே முதலில். எனக்கு இந்த வரிசை மிகவும் பிடித்திருக்கிறது.

அந்த ஊசி நம் கரைக்கும் வந்திருக்கிறது. கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டைத் தமிழர் பலர் பார்த்திருப்பார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு இலங்கைக்கு வந்து காலியில் நாட்டப்பட்ட அந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டுக்குரிய தேதி இருக்கிறது. 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்துறையின் தெய்வமான தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் உரிய காணிக்கைகளை அது சொல்கிறது. நான் அந்தக் கல்லின் முன்னால் பலமுறை நின்றிருந்தும், அதைக் கொண்டுவந்த கப்பல் எப்படி வழி கண்டுபிடித்தது என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. செங் ஹேயின் பயணங்களை ஒட்டிய கடல்வழிப் படத்தில் ஒவ்வொரு வழியும் இத்தனையாவது ஊசித் திசையில் இத்தனை யாமம் என்றே எழுதப்பட்டிருக்கிறது. வட்டம் 24 ஊசித் திசைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 15 பாகை. சூரியன் ஒரு மணி நேரத்தில் நகரும் கோணமும் அதே 15 பாகை என்பதைக் கவனித்தபோது, தற்செயலாகவே இருந்தாலும், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஐரோப்பாவில் 1269இல் பேத்ருஸ் பெரெகிரினுஸ் காந்தத்தின் இரு முனைகளைப் பற்றி விரிவான கடிதம் எழுதினார். 1600இல் வில்லியம் கில்பர்ட் பூமியே ஒரு பெரிய காந்தம் என்று நிறுவினார். இவ்விருவருக்கும் இடையில், 1581இல் நூல் வெளியிட்ட லண்டன் திசைகாட்டி வினைஞர் ரொபேட் நோர்மனை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஊசியைக் காந்தமேற்றும் முன் எவ்வளவு கவனமாகச் சமன் செய்தாலும், காந்தமேற்றியதும் அதன் வடமுனை கீழே சாய்வதைக் கண்டு, மற்றவர்களைப்போல அந்த முனையை வெட்டிச் சரிசெய்துவிட்டுப் போகாமல், அந்தச் சாய்வையே அளக்க ஒரு கருவி செய்தவர் அவர். லண்டனில் இன்றும் தடையின்றித் தொங்கும் ஊசி அறுபது பாகைக்கும் மேல் தரையை நோக்கிச் சாய்கிறது. பூமியின் காந்த மத்தியகோடு இந்தியாவின் தென்முனைப் பகுதியை ஒட்டிச் செல்வதால், கொழும்பில் அதே ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். வடநாடுகளில் விற்பதற்குச் செய்த திசைகாட்டிகளில் ஊசியின் தென்பக்கத்தில் சிறு பாரம் ஏற்றியிருப்பார்கள்; இங்கே அந்தப் பாரமே ஊசியைத் தெற்கே தாழ்த்திவிடும்.

லண்டனில் நிழற்கோலும் நிமிர்கிறது, ஊசியும் குத்திட்டு இறங்குகிறது. கொழும்பில் இரண்டும் தரையோடு படுத்துவிடுகின்றன. ஒன்று பூமியின் சுழலச்சைப் பின்பற்றுவது, மற்றது பூமியின் காந்தத்தைப் பின்பற்றுவது, காரணங்கள் வேறுவேறு. ஆயினும் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே நாம் மத்தியகோட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிறோம் என்று சொல்வதை நான் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அறிந்தேன்.

நேர் வடக்கைக் கடைசியில் நிழலே தந்தது. சமதளத்தில் ஒரு வட்டம் கீறி, நடுவே தூக்குக்குண்டு பிடித்து ஒரு கோலை நேராக நட்டு, காலையில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழையும் புள்ளியையும் பிற்பகலில் அது வட்டத்தை விட்டு வெளியேறும் புள்ளியையும் குறித்து இணைத்தால், அது துல்லியமான கிழக்கு மேற்குக் கோடு. கோயில் கட்டும் சிற்பாசாரிகள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை இது. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தில், இரு கோல்களின் நிழல் எப்பக்கமும் சாராத நண்பகற் பொழுதில், நூலறிந்தவர்கள் கயிறு பிடித்துத் திசை கண்டு கட்டடத்தை வகுத்ததாக நக்கீரர் பாடுகிறார். பல்கலைக்கழகத்தில் அந்த வரிகளைத் தேர்வுக்காக உரையோடு மனப்பாடம் செய்தவன் நான். முழங்காலிட்டு, வெயிலில் கண் கூச, பென்சிலால் இரண்டாவது புள்ளியைக் குறித்த அன்றுதான் நக்கீரர் யாரோ ஒருவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. நான் இதை ஜூன் கடைசி வாரத்தில் செய்தது நல்லதாயிற்று. அந்த நாட்களில் சூரியனின் வடக்கு எல்லை ஏறக்குறைய மாறாமல் நிற்பதால் காலைக்கும் மாலைக்கும் இடையே பிழை புகுவதில்லை.

சாய்வும் திசையும் சரியான பிறகும் தகடு என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. இந்த வேற்றுமை பிழையன்று என்பதைத்தான் அத்தானுக்குத் தொலைபேசியில் விளக்க நீண்ட நேரம் எடுத்தது. இலங்கையின் நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்குரியது; அந்தக் கோடு இந்தத் தீவின் மீதே செல்வதில்லை, கிழக்கே வங்காள விரிகுடாவில் போகிறது. கொழும்பு 80 பாகைக்கும் சற்று மேற்கே இருப்பதால் சூரியன் நம் தலைக்கு வரச் சராசரியாகப் பத்தரை நிமிடம் பிந்துகிறது. இதன்மேல், பூமியின் பாதை முழுவட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே சீராக நடப்பதில்லை. பெப்ரவரி நடுவில் அது 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது. இரண்டையும் சேர்த்தால், கொழும்பின் உண்மையான நண்பகல் பெப்ரவரி நடுவில் 12.25 அளவிலும், நவம்பர் தொடக்கத்தில் 11.54 அளவிலும் வருகிறது. இந்தக் கூட்டல் கழித்தலை மாதவாரியாக ஒரு தாளில் எழுதி, கண்ணாடிச் சட்டமிட்டுப் பீடத்தின் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

மணிக்கூட்டின் நேரம் மனிதர் வகுப்பது என்பதை எங்கள் தலைமுறைக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டின் காரணமாக, நாட்டின் நேரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. 2006 ஏப்ரல் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி எஞ்சிய அரை மணியும் திரும்பிவந்தது. அந்தப் பத்தாண்டும் வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு யாழ்ப்பாணம் போகும்போது, ஓமந்தையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்புவோம், எவரையாவது சந்திக்க நேரம் குறித்தால் "பழைய நேரமோ புது நேரமோ?" என்று கேட்டுக்கொள்வோம். வீதியோரத்துப் பனைகளின் நிழல் ஓமந்தைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நீளத்தில்தான் கிடந்திருக்கும். அப்போது அதை நான் பார்க்கவில்லை.

நம் முன்னோர் நிழலை அளக்கப் பித்தளையும் தேடவில்லை. துரும்பு ஒன்றைப் பதினாறு விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, அதை மடித்து ஒரு பகுதியைத் தரையில் கிடத்தி மறுபகுதியை நிமிர்த்தி, நின்ற பகுதியின் நிழல் கிடந்த பகுதியின் நுனியில் சரியாக முடியும்படி மடிப்பை நகர்த்தினால், நின்ற பகுதி எத்தனை விரற்கடையோ அத்தனை நாழிகை என்று ஒரு பழைய பாட்டு உண்டு. முற்பகலில் அது உதயத்திலிருந்து சென்ற நாழிகை, பிற்பகலில் மறைவுக்கு எஞ்சிய நாழிகை. கொழும்பில் துரும்புக்கு எங்கே போவது? தென்னை ஈர்க்கு கிடைத்தது. ஒரு நாழிகை 24 நிமிடம் என்று கொண்டு, சூரியன் நேர் கிழக்கில் உதித்துத் தலைக்கு மேலே ஏறும் ஒரு நாளுக்குக் கணித்துப் பார்த்தேன். பன்னிரண்டு விரற்கடை நின்றால் உண்மையில் 11.9 நாழிகை, எட்டு நின்றால் 7.5, நான்கு நின்றால் 3.1. விடியலை ஒட்டிய வேளையில் ஒரு நாழிகைக்குக் கிட்டப் பிழைக்கிறது, பன்னிரண்டு விரற்கடையை நெருங்க நெருங்கத் திருந்திவிடுகிறது. இரண்டே வரிப் பாட்டும் ஒரு ஈர்க்கும் இவ்வளவு தூரம் வருவது எனக்குப் பெரும் வியப்பு. உச்சியில் முழு ஈர்க்கும் நிமிர்ந்து பதினாறு என்று காட்டும். பகலின் பாதியோ பதினைந்து நாழிகை. பாட்டைச் செய்தவர் அந்த ஒரு நாழிகையை எப்படிக் கண்டும் காணாமல் விட்டார் என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் மாடியில் குடியிருக்கும், நாங்கள் 'நானா' என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணர் இந்த வேலையில் என்னோடு சேர்ந்துகொண்டது ஜூலையில். அவருக்கு நிழல் புதிதன்று. ஒரு பொருளின் நிழல், உச்சிப் பொழுதில் இருந்த நிழலோடு அந்தப் பொருளின் உயரமும் கூடிய நீளத்தை அடையும்போது அஸர் தொழுகைக்கு நேரம் தொடங்குகிறது என்பதைச் சிறுவயதிலேயே ஓதிப் படித்தவர். அவருடைய கவலை கிப்லா, அதாவது தொழும்போது முகம் நோக்கவேண்டிய மக்காவின் திசை. கைப்பேசிச் செயலி அவருடைய வீட்டின் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு திசையைக் காட்டியது; காரணம் மொட்டைமாடியில் என் ஊசிக்கு நேர்ந்ததேதான். ஆண்டில் இரண்டு முறை, மே 28 அளவிலும் ஜூலை 16 அளவிலும், நண்பகலில் சூரியன் மக்காவின் நேர் உச்சியில் நிற்கிறது. கொழும்பில் அந்தக் கணம் மே மாதத்தில் பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. அந்த நிமிடத்தில் சூரியன் தெரியும் எந்த நாட்டிலும், நேராக நிற்கும் எந்தக் கோலின் நிழலும் கிப்லாவுக்கு நேர் எதிரே விழும். ஜூலை 16 அன்று மேகம் விலகியிருந்தது. அவருடைய பலகணியில் ஒரு நூலில் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டுக் காத்திருந்து, 2.57க்கு நூலின் நிழலைத் தரையில் கீறினோம். "இந்தக் கோட்ட இனி ஒரு செயலியாலயும் மாத்த ஏலா" என்றார் நானா. அந்தக் கோட்டின்மேல் அவர் வெள்ளை மையில் பட்டையாக வரைந்துவைத்திருக்கிறார்.

கொழும்பிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை வடக்கே இருக்கிறது. ஜூன் 21 அந்தியில் சூரியன் கடலில் இறங்கும் இடம் 23.6 பாகை வடக்கே. இரண்டுக்கும் இடையே ஒரு பாகையளவே வித்தியாசம். காலிமுகத்திடலில் அந்த மாலையில் கடலைப் பார்த்து நின்று, துறைமுக நகரத்தின் பக்கமாகச் சாய்ந்து இறங்கும் சூரியனை நோக்கினால், ஏறக்குறைய மக்காவையே நோக்குகிறோம். டிசெம்பரில் அதே சூரியன் அதே அளவு தெற்கே போய் இறங்குகிறது. திடலில் பட்டம் விடுகிறவர்களும் இஸ்ஸோ வடை தின்கிறவர்களும் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நின்று பார்க்கிற அந்த மறைவு, அடிவானத்தில் 47 பாகை அகலத்துக்கு வடக்கும் தெற்குமாக நடந்துகொண்டே இருக்கிறது. கடலை நோக்கிய ஒரு நகரத்துக்கு இதைவிடப் பெரிய நாட்காட்டி கிடைக்காது.

ஏப்ரல் 7 அளவில் சூரியன் கொழும்பின் நேர் உச்சிக்கு வரும். வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5 முதல் 15 வரை எந்த ஊருக்கு எந்த நாள் என்று அறிவிக்கும்போது, மக்கள் அதை வெக்கைக்கான எச்சரிக்கையாகவே வாசிக்கிறார்கள். அன்று 12.12க்கு மொட்டைமாடியில் கொடிக்கம்பமும் தண்ணீர்த் தாங்கியின் குழாயும் நிழலின்றி நிற்கும். சரிந்து படுத்திருக்கும் அத்தானின் தகட்டில் மட்டும், நிழற்கோலின் மெல்லிய கோடு பன்னிரண்டில் விழவேண்டும். கட்டடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு வெற்றுப் போத்தலை நிமிர்த்திவைத்து நிழல் காணாமற்போவதைப் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் அந்தச் சிமெந்துக் கல்லை மீண்டும் ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்க்கவேண்டும். நவம்பர் மழைக்குப் பிறகு அது கிழக்கே சற்று இறங்கியிருப்பதுபோல் தெரிகிறது.